தாய்ப்பால் வேண்டாம் என்று சொன்ன நாள்

போன வாரம் உங்கள் நர்ஸ் பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டீர்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், அந்தக் காலத்துல எச்.ஐ.வி. உள்ளவங்க பிரசவத்துக்கு வந்தா உங்களுக்குப் பயமா இருக்காதா?" என்று கேட்டாள். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பயமாகத்தான் இருந்தது அம்மா. இரண்டு விதமான பயம். ஊசி கையில் குத்திவிடுமோ என்பது ஒன்று. அதற்கு வழிமுறை உண்டு. கையுறை, மருந்தளவு, கழிவை அகற்றும் முறை எல்லாவற்றையும் வகுப்பில் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வருவது வேறு பயம். வாயைத் திறந்தால் ஒரு பெண்ணுக்குப் போக்கிடம் இல்லாமல் போய்விடும், மூடிக்கொண்டால் இன்னொரு பெண்ணுக்கு ஆபத்து வரலாம் என்று நடுவில் நிற்கும்போது வருவது. முப்பது வருட வேலையில் அப்படி நான் நின்றது ஒரே ஒரு நாள். அதை மட்டும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கோவையில் நான் பிரசவ வார்டுக்குப் பொறுப்பு நர்ஸ். எங்களுக்கு மேலே ஒரு டாக்டரம்மா இருந்தார். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், விட்டுவிடுவோம். குரல் உயர்த்திப் பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து நான் உயர்த்துவேன்.

சாந்தாமணி என்று ஒருத்தி. பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். அப்போது இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். புருஷனுக்குப் பெரியநாயக்கன்பாளையத்தில் வார்ப்படப் பட்டறையில் வேலை. இரண்டு பேருக்கும் கிருமி இருந்தது. அவளுக்கு அது தெரிந்ததே முதல்முறை உண்டானபோது எடுத்த ரத்தப் பரிசோதனையில்தான். எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் உடனே கலைத்து அனுப்பிவிட்டார்கள். உனக்கு வேண்டுமா வேண்டாமா என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. பிறகு எங்களிடம் ஆலோசனைக்கு வந்தாள். நாங்களும் ஊரோடு ஒத்துத்தான் பேசினோம். "உனக்கே உடம்பு இப்படி இருக்குது, உன் வீட்டுக்காரருக்கும் அப்படி, கொழந்தை எதுக்கு சாமி உனக்கு?" என்று கேட்டது நான்தான். "சரிங்க சிஸ்டர்" என்று தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

போனவள் கொஞ்ச காலம் கழித்து வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து என் மேஜை முன்னால் நின்றாள்.

"ஏனுங்க சிஸ்டர், அஞ்சு மாசம் முடிஞ்சிருச்சுங்க. இனிக் கலைக்கச் சொல்ல மாட்டீங்கல்லங்க?"

எனக்கு வந்ததே கோபம். "அறிவு கிறிவு இருக்குதா உனக்கு? இத்தன நாளா எங்க போயி ஒளிஞ்சுக்கிட்டே? எத்தன தடவ சொல்லியனுப்புனோம்?" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"திட்டுங்க சிஸ்டர். நல்லாத் திட்டிப்போடுங்க. கலைக்க மட்டும் சொல்லாதீங்க."

"யாரு கொழந்தை கேட்டா உன்னை? மாமியா பிடுங்கறாளா?"

"மாமியா போயிச் சேந்து ரொம்ப நாளாச்சுங்க. ஒருத்தரும் கேக்கலைங்க. எனக்கு வேணுமுங்க." அவள் குரலை இறக்கிக்கொண்டாள். "இப்ப எல்லாருக்கும் எம்மூஞ்சியப் பாத்தா நோவுதானுங்க தெரியுது. உங்களுக்கும் அதான். என்ற ஊட்டுக்காரரு நல்லவருதான், அவருக்கும் அதான் தெரியுது. என்னைப் பாத்தா அம்மான்னு மட்டும் தெரியற ஒரு சீவன் எனக்கு வேணுமுங்க."

"அந்தச் சீவனுக்கும் நோவு வந்துட்டா?"

அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள். "அந்தப் பயத்துலதானுங்க தெனமும் எந்திரிக்கறேன்" என்றாள். திட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைக் குறைக்கிற மாத்திரை அப்போதுதான் நம் பக்கம் தலைகாட்டியிருந்தது. எங்கெங்கோ சொல்லி அதை வரவழைத்தார். கடைசி மாதத்தில் விடாமல் சாப்பிட வேண்டும், வலி வந்த பிறகும் சாப்பிட வேண்டும், குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கக் கூடாது. அப்படியெல்லாம் செய்தாலும் உறுதி கிடையாது என்று ஒளிக்காமல் சொன்னார். சாந்தாமணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கடைசியில் ஒன்றைச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்ப்பார்களாம்.

எங்கள் பக்கம் கட்டுச்சோறு விருந்து என்று ஒன்று உண்டு. பெண் வீட்டார் விதவிதமான சோறு கட்டிக்கொண்டு போய், மாப்பிள்ளை வீட்டில் விருந்து வைத்து, கையோடு பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். சாந்தாமணிக்குப் பெற்றவர்கள் இல்லை. கோபிசெட்டிபாளையம் பக்கம் வாழைத்தோட்டத்தில் இருந்த அண்ணன் வீடுதான் தாய்வீடு. அங்கே இந்த நோய் விஷயம் அண்ணனுக்கும் தெரியாது, அண்ணன் மனைவிக்கும் தெரியாது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். சாந்தாமணி கூப்பிடுவது போலவே அவள் இந்தக் கதையிலும் நங்கையாகவே இருக்கட்டும்.

நாங்கள் ஒரு பொய்யைத் தயார் செய்தோம். பெண்ணுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, பிரசவம் கோவையில் எங்களிடம்தான் பார்க்க வேண்டும், அவள் சாப்பிடும் மாத்திரை பாலில் இறங்கும், ஆகையால் தாய்ப்பால் கூடாது. விருந்துக்கு வந்தவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து டாக்டரம்மா சொல்ல, நான் பக்கத்தில் நின்று பெரிய மனுஷி மாதிரித் தலையாட்ட, நங்கை அப்படியே நம்பினாள். வெளியே வந்து நாங்கள் இருவரும் எவ்வளவு சுலபமாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டோம். ஒரு பெரிய ஓட்டை அதில் இருந்தது. படித்த எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது தெரியவில்லை.

வலி வந்ததும் நங்கைதான் வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். இடுப்பில் எட்டு மாதப் பையன். பால் குடி மறக்காததால் விட்டுவிட்டு வர முடியாது. வந்த அரைமணி நேரத்தில் வார்டில் எல்லோருக்கும் அவளைத் தெரிந்துவிட்டது. தூக்குப்போசியில் கொண்டுவந்த வெல்லக் கச்சாயப் பலகாரத்தை ஆயா முதல் எல்லோருக்கும் எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றால் விடமாட்டாள். "இவொ பள்ளிக்கோடம் போயிட்டிருக்கையில நான் கல்யாணமாயி வந்தேனுங்க. இவளுக்குச் சடை பின்னிப் பின்னித்தான் எனக்குக் கை பழகுச்சு" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

மாத்திரைகளை நேரம் தவறாமல் நானே கொடுத்தேன். முற்பகலில் பெண் குழந்தை பிறந்தது. எடை சரி, அழுகை சரி. சாந்தாமணி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரம்மா இன்னொரு அவசர அறுவைக்குத் தியேட்டருக்குள் போய்விட்டார்.

பிரச்சினை, பால் புகட்டுகிற பாலாடையில் ஆரம்பித்தது. கரைத்த டப்பாப் பாலைக் குழந்தை துப்பித் துப்பிவிட்டு வீறிட்டது. கொஞ்சம் பொறுத்துக் கொடுக்கலாம் என்று சொல்லிவிட்டு நான் அடுத்த கட்டிலைப் பார்க்கப் போனேன். அழுகை சட்டென்று நின்றது. நல்லது, குடித்துவிட்டது போல என்று நினைத்துத் திரும்பினேன்.

நங்கை தன் பையனைச் சாந்தாமணியின் மடியில் உட்கார வைத்துவிட்டு, பச்சைக் குழந்தையைத் தன் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தை வாய் வைத்துவிட்டது. "தாய்ப்பால்தான கூடாதுன்னாங்க? அத்தப்பாலு கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லலையே! நானொருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப எம்மருமவ எதுக்குப் பட்டினி கெடக்கோணும்?" என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாந்தாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

அட கடவுளே, இதை எப்படி யோசிக்காமல் விட்டோம்? தாய்க்குப் பால் வராவிட்டால் பால் இருக்கிற சொந்தக்காரி அள்ளி எடுத்துக்கொள்வது எங்கள் பக்கம் அதிசயமே இல்லை. எனக்கே என் பெரியம்மா கொடுத்திருக்கிறாள் என்று சொல்வார்கள். ஊர்க்காரியான எனக்கு அது உறைத்திருக்க வேண்டாமா?

ஓடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. நடந்து போய், குழந்தையின் வாயோரத்தில் விரலை வைத்து மெதுவாக விடுவித்து எடுத்துக்கொண்டேன். "பாப்பாவுக்கு ரத்தம் எடுக்கோணும். வெறும் வயிறா இருக்கோணும்."

"பச்ச மண்ணுக்கு என்ன வெறும் வயிறு நர்சம்மா? என்ற பால்ல என்ன வெசமா இருக்குது?" என்று நங்கை எழுந்துவிட்டாள். நாலு கட்டில் பெண்களும் எங்களைத்தான் பார்த்தார்கள். குழந்தையோடு பக்கத்து அறைக்குள் போய்விட்டேன்.

அங்கே போன பிறகும் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வெட்கமில்லை. பிறந்த குழந்தைக்குக் கிருமி இருக்கிறதா என்றே தெரியாது. இருந்தாலும் குடிக்கிற குழந்தையிடமிருந்து கொடுக்கிறவளுக்குப் போவது மிக அபூர்வம் என்று படித்திருந்தேன். ஆனால் நங்கை இன்றோடு நிறுத்த மாட்டாள். ஊருக்குப் போனால் தினமும் கொடுப்பாள், அதே மாரில் தன் பையனுக்கும் கொடுப்பாள். இந்தப் பக்கம் நானே உண்மையைச் சொல்லிவிட்டால் நாளைக் காலை சாந்தாமணிக்கு அண்ணன் வீடு கிடையாது. அதுவும் போக, அவள் நோயை அவளைக் கேட்காமல் சொல்ல நான் யார்? டாக்டரம்மா தியேட்டரை விட்டு வர நேரமாகும். நங்கையோ வெளியே "ரத்தம் எடுத்தாச்சா?" என்று குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொரு பொய் என் நாக்கு நுனியில் இருந்தது. குழந்தைக்குக் காமாலை, யார் பாலும் கூடாது என்று சொல்லிவிடலாம். அது ஒரு வாரம் தாங்கும். அப்புறம்? அதனால் அந்தப் பொய்யை விழுங்கிவிட்டு, சாந்தாமணியைக் கைத்தாங்கலாக அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

"சொல்லிப்போட்டீங்களா சிஸ்டர்?" இதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி.

"இல்ல கண்ணு. சொல்லவும் மாட்டேன். சொல்லறதுன்னா நீதான் சொல்லோணும்."

"சொன்னா அண்ணன் ஊட்டுக் கதவு அடைஞ்சு போயிருமுங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் புள்ளைய ஆரு பாப்பா? அவங்கள நம்பித்தானுங்க பெத்தேன்."

"அடைஞ்சாலும் அடையும். அடையாதுன்னு சொல்லி உன்னை ஏமாத்த மாட்டேன். ஆனா நீ சொல்லாட்டி உன் நங்கை தெனமும் இந்தப் பாப்பாவ எடுத்து மார்ல வெச்சுக்குவா. அவளுக்கும் ஒரு கைக்கொழந்தை இருக்குதே, பாத்தியல்ல?"

அவள் அழவில்லை. என் கையிலிருந்த குழந்தையைப் பார்த்தாள். "நானே சொல்றேனுங்க. நீங்க கதவச் சாத்திப்போட்டுப் பக்கத்துல நில்லுங்க" என்றாள்.

நான் கூப்பிட, நங்கை பையனோடு உள்ளே வந்தாள். சாந்தாமணி சுற்றி வளைக்கவில்லை. "நங்கை, எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்குதுங்க. அதுக்குத்தான் அந்த மாத்திரை. ரத்தக்கொதிப்பெல்லாம் பொய்யிங்க."

"பெத்த ஒடம்போட என்ன பேச்சுப் பேசறே அம்மணி" என்று நங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

பிறகு அவள் செய்ததை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. இடுப்பில் இருந்த பையனை இரண்டு கையாலும் தூக்கி, தன் மார்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவன் பால் நேரம் வந்துவிட்டதால் அவள் ரவிக்கையை எட்டி எட்டிப் பிடிக்கப் பார்த்தான். எட்டவில்லை, அழ ஆரம்பித்தான்.

"எனக்கு வந்திருச்சா நர்சம்மா?"

"ஒரு வாய் வெச்சதுல வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வமுங்க."

"வராதுன்னு சொல்லுங்க."

சொல்லியிருக்கலாம். அவள் நின்ற நிலையைப் பார்த்தால் யாரும் சொல்லிவிடுவார்கள். "நூத்துக்கு நூறுன்னு என்னால சொல்ல முடியாதுங்க அம்மா. டாக்டரம்மா வந்து வெவரமாச் சொல்லுவாங்க" என்றுதான் சொன்னேன்.

அவள் சாந்தாமணி பக்கம் திரும்பினாள். "எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாச்சுங்க."

"ரெண்டு வருசமா எங்கிட்டச் சொல்லோணும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

"சொன்னா உட்டுப்போடுவீங்கன்னு பயமுங்க."

"உட்டுத்தான் போட்டிருப்பேன்!" என்று நங்கை கத்தினாள். கத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பையனும் அழுதான், என் கையில் இருந்ததும் அழுதது. சாந்தாமணி மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் நங்கை எழுந்து பையனோடு வெளியே போய்விட்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாசல் கேட்டைத் தாண்டினால் பஸ் நிறுத்தம். அங்கே போய் நின்றாள். ஒரு பஸ் வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சாமிகளை ஒரே சமயத்தில் நான் கூப்பிட்டதில்லை. பஸ் போன பிறகு பார்த்தால் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது டாக்டரம்மாவும் வந்துவிட்டார். ஒரு தடவை வாய் வைத்ததற்குப் பயப்பட வேண்டியதில்லை, மனத் திருப்திக்கு மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்க்கலாம், பையனுக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். நங்கை கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு, குழந்தைக்காக வைத்திருந்த பால் டப்பாவைத் திறந்து, எவ்வளவு தண்ணீர் என்று என்னிடம் கேட்டுக் கரைத்து, தன் பையனைப் படுக்கப்போட்டு ஊட்ட ஆரம்பித்தாள். அவன் முகத்தைத் திருப்பித் திருப்பி அழுதான்.

"அவங்கதான் குடுக்கலாம்னு சொன்னாங்களே" என்றேன்.

"படிச்சவங்க சொல்றது சரியாத்தான் இருக்கும். எனக்கு மனசு வரலீங்க. உறுதியாத் தெரியாம இவனுக்கு எப்புடிக் குடுப்பேன்?" பையன் வாயைத் துடைத்தாள். என்னைப் பார்க்காமலே மேலே பேசினாள். "ஊருக்குப் போனா எனக்குப் பால் வத்திப்போச்சுன்னு சொல்லிக்கறேன். அப்பத்தான், நீ இருக்கறப்ப அந்தப் பொட்டப்புள்ளைக்கு எதுக்கு டப்பாப் பாலுன்னு ஒருத்தியும் கேக்க மாட்டா. இவ அண்ணனுக்கு இது தெரியவே கூடாது. தெரிஞ்சா ஊட்டுக்குள்ள உட மாட்டாரு."

சாந்தாமணி அவள் காலடியில் உட்காரப் போனாள். "எம்பக்கத்துல வராத அம்மணி. நான் இன்னும் உன்ற மேல கோவமாத்தான் இருக்கறேன்" என்றாள் நங்கை. வீட்டுக்குப் போகும் நாள்வரை அந்தக் குழந்தையை அவள் தொடவில்லை. வேனில் ஏறும்போதும் தன் பையனைத்தான் தூக்கிக்கொண்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தனியாக வந்து ரத்தம் கொடுத்தாள். ஒன்றும் இல்லை என்று சொன்னபோது கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "இப்ப நெசமாவே வத்திப்போச்சுங்க நர்சம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவையும் உங்களுக்கு ஏன் சொல்கிறேன்? ஒருத்தியின் ரகசியத்தைக் காப்பாற்ற நீங்கள் ஒரு கதை கட்டும்போது, அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவர்கள் பிரியத்தில் என்னவெல்லாம் செய்வார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதைவிட, அவளையே சொல்ல வைக்க முடியுமா என்று பாருங்கள். பக்கத்தில் நில்லுங்கள். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த சோதனை, குழந்தைக்கு ஒன்றரை வயதானால்தான் உறுதியாகச் சொல்லும். அதுவரை அந்தப் பெண் குழந்தைக்குச் சளி பிடித்தாலும் பயம், வயிற்றோட்டம் என்றாலும் பயம். சாந்தாமணி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நான் தொட்டுப் பார்த்து, "ஒண்ணுமில்ல, பல்லு மொளைக்குது போ" என்று அதட்டி அனுப்பிவிட்டு, அவள் தலை மறைந்ததும் டாக்டரம்மாவிடம் ஓடுவேன்.

முடிவு சொல்லும் நாளும் வந்தது. சாந்தாமணி முன்னால் வந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். பின்னால் நங்கை. குழந்தை நங்கையின் இடுப்பில் இருந்தது. எப்போது அவள் இடுப்புக்கு ஏறியது என்று நான் கேட்கவில்லை. அவள் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தது. "கடிக்காத கழுத" என்று அவளும் அதட்டிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இல்லம்மா. குழந்தைக்குக் கிருமி இல்லை" என்றார்.

நங்கை சாமிகளை எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். நானும் அழுதேன், மறைக்கவில்லை. சாந்தாமணி மட்டும் அழாமல் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரம்மாவைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்க டாக்டரம்மா, அப்பொ இன்னொண்ணு பெத்துக்கலாமுங்களா?"

"அடிப்பாவி!" என்று நங்கை அவள் தோளில் ஒன்று வைத்தாள். "எஞ்சீவன் இப்பத்தான் திரும்பி வந்துச்சு. மறுக்காவுமா?"

 மாத்திரை, பாலாடை, அந்த அறை, கையில் தள்ளிப் பிடித்த அந்தப் பையன், எல்லாம் ஒரே நேரத்தில் என் கண்முன் வந்தது. இந்த முறை குழந்தை தப்பாவிட்டால் என்ன செய்வாய், நீயே இருக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்க வாயைத் திறந்தேன். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டேன்.

"உக்காருங்க, பேசுவோம்" என்றார் அவர்.

நங்கை திட்டிக்கொண்டேதான் முதலில் உட்கார்ந்தாள். அவளை ஒட்டிச் சாந்தாமணி உட்கார்ந்தாள். எனக்குப் பயம் போகவில்லை. நானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.